பாறைக்குள் ஒரு பனிக்கட்டி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பேச வேண்டியது கொஞ்சம் நீளம். சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்ற ஊருக்கு மேலே கிளைன் மேட்டர்ஹார்ன் என்று ஒரு சிகரம் இருக்கிறது. உயரம் 3883 மீட்டர். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர். அதன் தலைமேல் இன்னும் ஒன்றேகால் கிலோமீட்டர் ஏறினால்தான் இந்த உச்சி வரும். அங்கே ரோப்கார் போகிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரோப்கார் நிலையம் அதுதான். நிலையம் என்றால் பெட்டி வந்து நிற்கும் மேடை மட்டுமா? உணவகம், கழிப்பறை, கடை எல்லாம் உண்டு. கோடையிலும் வெளியே உறைபனி. இப்படிப்பட்ட இடத்தில், மலைக்குக் கேடு வராமல், பல தலைமுறை நிற்கும்படி ஒரு கட்டடத்தை எப்படி எழுப்புகிறார்கள்? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் இந்தக் கட்டடத்தின் வேலை என்ன என்று தெரிந்துகொள்வோம். ஒரு வீட்டின் பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. அஸ்திவாரம் அதைத் தாங்கினால் போதும். ரோப்கார் நிலையத்தின் கதை வேறு. அதன் முதல் வேலை வடத்தைப் பிடித்துக்கொள்வது. ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான சுக்ஸ்பிட்ஸேயில் 2017 டிசம்பரில் திறந்த ரோப்காரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு எஃகு வடங்களின் மேல் ஓடுகிறது. வடத்தின் தடிமன் 72 மில்லிமீட்டர். ஒன்றின் எடை மட்டுமே சுமார் 150 டன். வழியில் ஒரே ஒரு தூண், 127 மீட்டர் உயரம். அந்தத் தூணிலிருந்து உச்சி வரைக்கும் 3213 மீட்டர் தூரம் வடம் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது.

தொங்குகிற வடம் சும்மா இருக்காது. உச்சி நிலையத்தைப் பள்ளத்தாக்கை நோக்கி இரவும் பகலும் நூற்றுக்கணக்கான டன் விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும். வடத்தின் நுனியை முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை. ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய உருளை ஒன்றில் பல சுற்றுச் சுற்றிவிடுகிறார்கள்; இழுப்பின் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடுகிறது. உருளை கட்டடத்தைப் பிடித்திருக்கிறது, கட்டடம் பாறையைப் பிடித்திருக்கிறது. பாறைக்குள் பல மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, எஃகுத் தண்டுகளை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் கலவையைச் செலுத்தி இறுக்குகிறார்கள். இவற்றைப் பாறை நங்கூரம் என்பார்கள். ஆக, நூறு பேர் நிற்கும் பெட்டியின் பாரம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்தப் பாறை.

இங்கேதான் எல்லோருக்கும் வரும் ஒரு தப்பெண்ணத்தைச் சந்திக்கிறோம். பனிமலை உச்சியில் கட்டடத்துக்கு எது எதிரி என்று யாரைக் கேட்டாலும் குளிர் என்பார்கள். காற்று, பனிப்புயல், மின்னல் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அவையெல்லாம் தொல்லைதான், ஆனால் பொறியாளர்களுக்கு அவற்றைச் சமாளிக்கத் தெரியும். அவர்கள் உண்மையில் அஞ்சுவது வெப்பத்துக்கு. அதிலும் வெளியே அடிக்கும் வெயிலுக்கு அஞ்சுவதைவிட, கட்டடத்துக்குள்ளிருந்து கசியும் வெப்பத்துக்கு அதிகம் அஞ்சுகிறார்கள். இது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

பாறை என்றால் ஒரே திண்மையான கட்டி என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். உயர்மலைச் சிகரம் அப்படி இருப்பதில்லை. பல கோடி ஆண்டுகள் வளைந்தும் நொறுங்கியும் வந்த அதன் உடம்பெங்கும் வெடிப்புகள். சில வெடிப்பு மயிரிழை அகலம், சிலவற்றில் கையை விடலாம். அவற்றுக்குள் என்றோ இறங்கிய தண்ணீர் உறைந்து, உறைந்தபடியே கிடக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ய டிகிரிக்கு மேலே போகாமல் இருக்கும் நிலத்துக்குப் பெர்மாஃப்ராஸ்ட் என்று பெயர். நிலைத்த உறைநிலம் என்று சொல்லலாம். சைபீரியாவின் சமவெளியில் அது மண். ஆல்ப்ஸ் மலையில், குறிப்பாக வெயில் படாத வடக்குச் சரிவுகளில், அது பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்த ஒரு கலவை. பாறைத் துண்டுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதில் அந்தப் பனிக்கட்டிக்கும் பங்கு உண்டு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கண்ணால் பார்த்த விஷயம். 2003-இல் ஐரோப்பா முழுக்க வாட்டி எடுத்த கோடை நினைவிருக்கலாம். அந்த ஜூலையில் மேட்டர்ஹார்ன் என்ற மற்றொரு சிகரத்தின் ஹார்ன்லி முகட்டில், ஏறுகிறவர்கள் வழக்கமாகப் போகும் பாதையிலேயே, பாறை பெயர்ந்து விழுந்தது. மேலே மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். பெயர்ந்த இடத்தைப் போய்ப் பார்த்தபோது, பாறையின் தழும்பில் பனிக்கட்டி பளபளத்துக்கொண்டிருந்தது. யாரும் பார்த்திராத உட்புறப் பனி. இரண்டு ஆண்டு கழித்து, பிரான்ஸில் ஷமோனி ஊருக்கு மேலே உள்ள ட்ரூ சிகரத்தில், மலையேறிகள் கொண்டாடிய பொனாத்தித் தூண் என்ற பெரிய பாறைப் பகுதி அப்படியே சரிந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் உறைந்த பாறைக்குள் என்ன நடக்கிறது என்று பலரும் உன்னிப்பாகக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. பூஜ்யத்தைத் தாண்டி உருகினால்தானே ஆபத்து, மைனஸ் ஒரு டிகிரியில் பனி கெட்டியாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மைனஸ் ஒன்றரை டிகிரியிலிருந்து பூஜ்யம் வரையுள்ள இடைவெளியிலேயே பனி நிறைந்த வெடிப்பு மிகவும் பலவீனமாகிவிடுகிறது. உருகுவதற்கு முன்பே பனி இளகுகிறது, வழுக்குகிறது. முழுக்க உறைந்திருந்தால் நிற்கும், முழுக்க உருகிவிட்டாலும் பாறை பாறையோடு உரசி ஓரளவு நிற்கும். இடையிலுள்ள அந்த ஒன்றரை டிகிரியில் விழுந்துவிடக்கூடும். மைனஸ் பத்தில் இருக்கும் பாறை இரண்டு டிகிரி சூடேறினால் பெரிய மாற்றம் இல்லை. மைனஸ் இரண்டில் இருக்கும் பாறை அதே இரண்டு டிகிரி ஏறினால் அது வேறு பாறை. ஆல்ப்ஸின் பல நிலையங்கள் இந்த இரண்டாம் வகைப் பாறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது கட்டடத்தை அதன் மேல் வைப்போம். மீன் கடையில் பார்த்திருப்பீர்களே, அந்த ஐஸ் பாளம். அதன் மேல் ஆவி பறக்கும் டீ டம்ளரை வைத்தால் என்ன ஆகும்? டம்ளர் தன் இருப்பிடத்தைத் தானே குழி பறித்து, சாய்ந்துவிடும். டம்ளரின் எடை அதற்குக் காரணம் இல்லை. காலி டம்ளர் அங்கேயே நாள் முழுக்க நிற்கும். மலை உச்சி நிலையமும் அப்படித்தான். கனத்தால் பாறைக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே இருபது டிகிரியில் சூப் குடிக்கிறோமே, அதில்தான் வினை.

அந்தச் சூடு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று எண்ணினால் வியப்பாக இருக்கும். அறைகளைச் சூடாக்கும் ஹீட்டர் தெரிந்ததே. சமையலறையும் தெரிந்ததே. வடத்தை இழுக்கும் மோட்டார் சூடாகிறது, மின்மாற்றி சூடாகிறது. கடைசியில் நாமும். சும்மா நிற்கும் ஒரு மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. முந்நூறு பேர் ஒரு சுரங்கத்தில் நின்றால் 30 கிலோவாட். கிளைன் மேட்டர்ஹார்னில் இதுதான் நடந்தது. அங்கே முதல் ரோப்கார் 1979-இல் ஓடத் தொடங்கியது. நிலையம் வடக்குச் சுவரில். சிகரத்தையே குடைந்து போட்ட சுரங்கத்தின் வழியாக நடந்து மறுபக்கம் வர வேண்டும். சுரங்கம் வெட்டிய காலத்தில் உள்ளே பாறையின் வெப்பநிலை மைனஸ் 12 டிகிரி அளவில் இருந்தது. பிறகு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் அதன் வழியே நடந்தார்கள். அவர்களின் உடல் சூடும் மூச்சும் லிஃப்ட் இயங்கும் சூடும் சேர்ந்து சுரங்கத்தை ஒட்டிய பாறையைப் பல டிகிரி ஏற்றிவிட்டன. யாரும் அங்கே தீ மூட்டவில்லை. நடந்து போனார்கள், அவ்வளவுதான்.

பாறைக்குள் சூடு மெதுவாகப் பயணம் செய்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்வோம். கோடையின் வெப்பம் பத்து மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்தாறு மாதம் ஆகும். வெளியே ஜனவரியின் பனிப்பொழிவு. உள்ளே அப்போதுதான் ஆகஸ்ட் வந்திருக்கும். கட்டடம் கசியவிடும் வெப்பமும் அதே நிதானத்தில்தான் இறங்கும். திறப்பு விழா முடிந்து பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தரையில் ஒரு கீறல் தெரிந்தால், அதன் காரணம் திறப்பு விழா நாளிலேயே தொடங்கியிருக்கலாம்.

சரி, என்ன செய்கிறார்கள்? முதல் விதி, சூடான பகுதியைப் பாறையிலிருந்து பிரித்து வைப்பது. உணவகத்தின் தரையைப் பாறைமேல் நேராக உட்கார வைக்காமல் கால்களின் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் காற்று வீசிப் போக இடம் விடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க அந்த இடைவெளியில் உறைந்த காற்று ஓடி, மேலிருந்து கசிந்த கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். தூக்க முடியாத இடத்தில், பாறைக்கும் தரைக்கும் நடுவே தடிமனான வெப்பத்தடுப்புப் பலகை. நம் ஊர்க் கட்டடத்தில் இந்தத் தடுப்பு நமக்காக. அங்கே பாதி நமக்காக, மீதி பாறைக்காக. வடத்தைப் பிடிக்கும் பகுதி பாறையைத் தொட்டே ஆக வேண்டும் என்பதால் அதைச் சூடாக்காமலே விட்டுவிடுகிறார்கள். மனிதர்கள் கோட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த நடுங்கும் மேடை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டாவது தொல்லை சிமென்ட். தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சிமென்ட் தானாகவே சூடாகும். தளம் போட்ட மறுநாள் கை வைத்துப் பார்த்த கொத்தனாருக்கு இது தெரியும். ஊரில் அது ஒரு பொருட்டில்லை. உறைந்த பாறைமேல் பெரிய கான்கிரீட் கட்டியை வார்த்தால், அதன் சூடே சுற்றுப்புறப் பனியை உருக்கிவிடும். அதனால் குறைவாகச் சூடாகும் கலவையைத் தேடி எடுக்கிறார்கள், ஒரேயடியாக ஊற்றாமல் பகுதி பகுதியாக வார்க்கிறார்கள். நங்கூரத் துளையிலோ தலைகீழான சிக்கல். மெல்லிய துளைக்குள் போகும் கலவை, இறுகுவதற்கு முன்பே பாறையின் குளிரில் உறைந்து போகலாம். உறைந்த கலவைக்குப் பிடிப்பு இருக்காது. அங்கே கலவையை அளவாகச் சூடுபடுத்தி அனுப்ப வேண்டும். ஒரே பாறை, ஒரே சிமென்ட். ஓரிடத்தில் குளிர்விக்க வேண்டும், ஓரிடத்தில் சூடாக்க வேண்டும். துளை போடும்போதும் தண்ணீர் விட்டுக் குடைவதைத் தவிர்த்து, அழுத்திய காற்றால் துகளை வெளியேற்றுகிறார்கள். தண்ணீர் விட்டால் அதுவும் சூட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, பிறகு அங்கேயே உறைந்துகொள்ளும்.

மூன்றாவது ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் நிலம் அசையலாம் என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது. அசையும் நிலத்தில் நிற்கும் தூண்களின் அடியில் திருகிச் சரிசெய்யும் அமைப்பு வைக்கிறார்கள். நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தால், ஜாக்கி வைத்துத் தூக்கித் தூணை நேராக்கிக்கொள்ளலாம். கட்டடத்தின் தாங்கு புள்ளிகளை மூன்றாகக் குறைப்பதும் உண்டு. மூன்று கால் உள்ள முக்காலி எந்த மேட்டிலும் ஆடாது. கூடவே பாறைக்குள் வெப்பமானிகள். சுக்ஸ்பிட்ஸேயின் உச்சி முகட்டைத் துளைத்து 44 மீட்டர் நீளத்துக்கு 2007-இல் பவேரியாவின் சுற்றுச்சூழல் துறை ஒரு துளை போட்டு, அதற்குள் வெப்பமானிச் சரத்தை இறக்கியது. அன்றிலிருந்து மலையின் உட்புறச் சூடு பதிவாகிக்கொண்டே இருக்கிறது. ஷமோனிக்கு மேலே 1955-இல் கட்டிய எகுயி து மிதி நிலையத்தைச் சுற்றிலும் பின்னாளில் இதே மாதிரித் துளைகள் போட்டார்கள். கட்டிய தலைமுறைக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பாறையின் சூட்டை அளந்து வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, பொருள் எப்படி மேலே போகிறது? சாலை கிடையாது. ஹெலிகாப்டர் என்று சட்டென்று தோன்றும். ஆனால் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டருக்குத் தூக்கும் வலு குறைவு. மலை வேலைக்கு வரும் சிறு ரகம் ஒரு தவணைக்கு ஒரு டன் சுமந்தால் அதிகம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை 2.4 டன். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்: ஒரு சின்ன அஸ்திவாரத்துக்கு எத்தனை நடை, எவ்வளவு எரிபொருள், பள்ளத்தாக்கில் எவ்வளவு இரைச்சல். அதனால் நல்ல திட்டங்களில் முதலில் ஒரு தற்காலிகச் சரக்கு ரோப்வே போடுகிறார்கள். சுக்ஸ்பிட்ஸேயில் அப்படித்தான் செய்தார்கள். பழைய ரோப்காரும் 2017 வசந்தம் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டே இருந்தது. பழையதற்கு வழியில் இரண்டு தூண்கள். புதியதற்கு ஒன்றே போதுமானதாயிற்று. சரிவில் ஒரு அஸ்திவாரம் குறைந்தது.

இதைவிடச் சிக்கனம், இருப்பதையே எடுத்தாள்வது. கிழக்கு சுவிட்சர்லாந்தில் டோகன்பர்க் பகுதியில் கேசர்ருக் என்ற மலை, 2262 மீட்டர். அங்கே 2015-இல் ஹெர்சோக் டி மூரோன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் உச்சி நிலையத்தைப் புதுப்பித்தார்கள். பழைய நிலையத்தை இடித்துத் தள்ளவில்லை. அதை வைத்துக்கொண்டே, பக்கத்தில் உணவகத்தைச் சேர்த்து, இரண்டையும் ஒரே நீண்ட மரக் கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரோப்காரே மரங்களைச் சுமந்தது. வட்டாரத் தச்சர்கள் வேலை செய்தார்கள். பெட்டியில் எவ்வளவு ஏறும் என்பதே உத்தரத்தின் நீளத்தையும் தீர்மானிக்கும் இடம் அது. மரம் இங்கே அழகுக்காக மட்டும் வரவில்லை. கான்கிரீட்டைவிட எடை குறைவு, கீழே அறுத்து இழைத்துக் கொண்டுபோய் மேலே பூட்டிவிடலாம், மலையில் வேலை நாள்கள் குறையும்.

டிட்லிஸ் மலைக்குப் போய் வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சுழலும் பெட்டி என்றால் உடனே நினைவுக்கு வரும். அங்கே உச்சியில் தொலைத்தொடர்புக்காக 1980-களில் நிறுத்திய ஒரு எஃகுக் கோபுரம் இருந்தது. அதே கலைஞர்கள் அதைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. கோபுரத்தின் எஃகுச் சட்டத்துக்குள்ளேயே இரண்டு கண்ணாடி அறைகளைக் குறுக்கே செருகும் வடிவத்தை வரைந்தார்கள். ஏற்கெனவே பாறையைப் பிடித்து நிற்கும் ஒன்றுக்கு மறுபடியும் வேலை கொடுத்தால், புதிதாகத் துளைக்க வேண்டியது குறையும். பசுமைக் கட்டடம் என்று விளம்பரத்தில் வரும் பலவற்றைவிட இந்த எளிய யோசனையை நான் உயர்வாக நினைக்கிறேன்.

மின்சாரத்துக்கு வருவோம். ரோப்காரே ஒரு சிக்கனமான வண்டி. ஒரு பெட்டி இறங்கும்போது அதன் எடையே மற்றொன்றை ஏற்ற உதவுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும் மோட்டார் ஈடுகட்டினால் போதும். மாலையில் எல்லோரும் இறங்குகிற நேரத்தில், இறங்கும் பக்கம் கனத்து, மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கம்பிக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும். உச்சியில் சூரிய ஒளிப் பலகைக்கும் நல்ல யோகம். மேகத்துக்கு மேலே தெளிந்த வானம், மெல்லிய காற்றில் வீரியமான வெயில், கீழே பனியில் பட்டுத் திரும்பும் ஒளி வேறு. பலகை குளிரக் குளிர நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் கூடும். கிளைன் மேட்டர்ஹார்ன் உணவகத்தின் தெற்குச் சுவரே சூரியப் பலகையால் ஆனது. கூரையில் போடாமல் சுவரில் போடுவதற்கு நல்ல காரணம் உண்டு: செங்குத்தான பலகையில் பனி தங்காது, குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலையும் நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் அன்றாடத் தலைவலி. எங்கும் பனி, குடிக்க ஒரு சொட்டு ஓடும் நீர் இல்லை. பனியை உருக்கலாம், அதற்கு வெப்பம் வேண்டும். பல நிலையங்களுக்குத் தண்ணீர் தொட்டியில் ரோப்காரிலேயே ஏறி வருகிறது. வந்த தண்ணீர் அழுக்கானால் மறுபடி இறங்க வேண்டும், அல்லது அங்கேயே சுத்திகரிக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களுக்கோ குளிர் ஆகாது. அவற்றை வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். சுத்தமான நீரை மறுபடி கழிப்பறைக்கு விடுகிறார்கள். எடுத்துச் சென்ற ஒவ்வொரு லிட்டரையும் இரண்டு முறை பயன்படுத்தினால் வடத்தின் மேல் தண்ணீர்ச் சுமை பாதியாகக் குறைகிறது.

சற்றே தாழ்ந்த உயரங்களில், புல் இருக்கும் இடங்களில், வேறொரு கவலை. ஆல்ப்ஸின் உயர்வெளிகளில் கேரக்ஸ் கர்வுலா என்று ஒரு கோரைப்புல் வளர்கிறது. அதன் வேர்த்தண்டு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பக்கவாட்டில் நகர்கிறது. சுவிஸ் ஆய்வாளர்கள் ஒரு திட்டை மரபணு சோதனை செய்து பார்த்தபோது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தளிர்கள் ஒரே செடி என்றும், அதன் வயது சுமார் 2000 ஆண்டு என்றும் கணித்தார்கள். ஜேசிபி வாளி ஒரு முறை இறங்கினால் அந்த இரண்டாயிரம் ஆண்டும் போயிற்று. அதனால் தூணுக்குக் குழி தோண்டும் முன் புல்தரையைச் சதுரம் சதுரமாக வேரோடும் மண்ணோடும் வெட்டி எடுத்து, நிழலில் ஈரமாக வைத்திருந்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் அதே வரிசையில் பதிக்கிறார்கள். கீழ்நாட்டுப் புல்விதையைத் தூவிப் பச்சையாக்குவது எளிது; மூன்றாம் ஆண்டு அது பட்டுப்போய், மண் மழையோடு போய்விடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கிளைன் மேட்டர்ஹார்னுக்கு 2018-இல் இரண்டாவது ரோப்கார் வந்தது. 28 பேர் அமரும் பெட்டிகள், மணிக்கு 2000 பேர். 2023-இல் அங்கிருந்து இத்தாலி எல்லைக்கும் ஒன்று ஓடத் தொடங்கியது. கட்டடம் ஒரு வாட் வெப்பத்தையும் கசியவிடாமல் இருக்கலாம். ஆனால் வருகிறவர்களில் பலர் விமானம் ஏறி அல்லவா வருகிறார்கள். அந்தக் கணக்கைக் கட்டடக் கலைஞரின் மேசையில் வைக்க முடியாது, எனினும் யாரோ ஒருவர் மேசையில் வைத்தாக வேண்டும். மணிக்கு எத்தனை பேர் என்பதுதான் ஒரு நிலையத்தின் முதல் வடிவமைப்பு முடிவு. மேடையின் அகலம், கழிப்பறையின் எண்ணிக்கை, பாறைக்குள் போகும் சூடு எல்லாமே அதிலிருந்து பிறக்கின்றன. சுக்ஸ்பிட்ஸே மணிக்கு 580 பேரோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு அந்த எண்ணில் ஒரு நிதானம் தெரிகிறது.

2006-இல் இயற்றிய சுவிஸ் ரோப்வே சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஓட்டத்தை நிரந்தரமாக நிறுத்திவிட்ட ரோப்வேயை உரிமையாளர் தன் செலவில் அகற்ற வேண்டும். எந்த அளவுக்குப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை அரசு அதிகார அமைப்பு தீர்மானிக்கும். இந்த விதியை மனத்தில் வைத்து வரைகிறவர் வேறு மாதிரி வரைவார். பற்றவைப்பதற்குப் பதில் போல்ட்டில் பூட்டுவார். ஒவ்வொரு துண்டும் பெட்டியில் ஏற்றி இறக்கும் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார். கான்கிரீட்டை நங்கூரத்தைச் சுற்றி மட்டும் வைத்துக்கொள்வார். எஃகும் மரமும் கண்ணாடியும் வந்த வழியே இறங்கிவிடும். நங்கூரத் தண்டுகளைப் பாறை மட்டத்தில் அறுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். கட்டடம் விட்டுப்போன சூடும் அப்படித்தான், பாறையை விட்டு வெளியேற அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் கழற்றி இறக்கினாலும் துளைக்குள் இருக்கும் வெப்பமானிச் சரத்தை மட்டும் உடனே எடுக்கக் கூடாது. பாறை தன் பழைய மைனஸுக்குத் திரும்புகிறதா என்று அதைக் கொண்டுதான் தெரிந்துகொள்ள முடியும்.